ஆறு மணிக் குருவி

போன வருஷம் புரட்டாசி மாதம் வரையில் எனக்குத் தெரிந்த பறவைகள் மொத்தம் மூன்று. ஒன்று காக்கை, இரண்டாவது புறா, மூன்றாவது, "ஏதோ ஒரு குருவி." கண்ணில் படும் பட்சிகளையெல்லாம் இந்த மூன்றில் எதிலாவது அடைத்துவிட்டு நிம்மதியாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தேன். சென்னையில் மூன்றாவது மாடியில் குடியிருப்பவளுக்கு இதற்கு மேல் ஞானம் தேவைப்படவும் இல்லை. எங்கள் பால்கனிக்கு வருவது புறா ஒன்றுதான். அதுவும் வராமலிருக்க வலை கட்டியாயிற்று.

இப்படி இருந்தவள், இன்று மைனாவின் கண்ணைச் சுற்றியுள்ள மஞ்சள் திட்டைப் பற்றி அடுத்த வீட்டு மாமியிடம் கால் மணி நேரம் பேசுகிறேன். அந்த அம்மாள் என்னைக் கண்டாலே கதவைச் சாத்திக்கொள்கிறாள். இதற்கெல்லாம் காரணம் காஞ்சிபுரத்திலிருக்கும் என் பெரியப்பா.

பெரியம்மாதான் முதலில் டெலிபோன் செய்தாள். மகளுக்குப் பிரசவம், பெங்களூர் போக வேண்டும், திரும்பி வர இரண்டு மாதம் ஆகும். "அவரைக் கூப்பிட்டா வரமாட்டேங்கறார். தனியா விட்டுட்டுப் போகவும் மனசு வரலை. நீதான் வீட்டிலிருந்தபடியே ஆபீஸ் வேலை பார்க்கறவளாச்சே, கொஞ்சம் வந்து இரேன்" என்றாள். என் கணவரையும் பையனையும் மாமியாரிடம் ஒப்படைத்தேன். எங்கள் ஆசிரியர் நல்ல மனுஷர். "போய் வாருங்கள். வரும்போது பட்டுப் புடவையைப் பற்றி ஒரு கட்டுரை கொண்டு வாருங்கள்" என்றார். அந்தக் கட்டுரையை இன்றுவரை நான் எழுதி முடித்தபாடில்லை. அதற்குப் பதிலாகத்தான் இது.

பெரியப்பா பிள்ளையார்பாளையத்தில் 48 வருஷம் தறியில் உட்கார்ந்தவர். கோர்வைப் புடவை நெய்வதில் அவருக்கு நல்ல பெயர். காஞ்சிபுரம் புடவையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று இருக்கும் அல்லவா? அந்த இரண்டையும் இழைக்கு இழை கோத்துச் சேர்ப்பதுதான் கோர்வை. ஒரே ஆளால் ஆகிற காரியமில்லை. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரைப்பக்கத்து நாடாவைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். பெரியப்பாவுக்கு அந்த இன்னொருவர் பெரியம்மா. மயில்கண், குயில்கண், அன்னப்பட்சி, இருதலைப்பட்சி என்று இரண்டு பேருமாகச் சரிகையில் பறக்கவிட்ட பறவைகள் எத்தனை ஆயிரமோ!

அப்படிப்பட்டவருக்குக் கண்ணில் புரை விழுந்தது. வலது கண்ணுக்கு ஆபரேஷன் நடந்தது. என்ன காரணத்தாலோ அது சரிப்படவில்லை. வெளிச்சம் தெரிகிறது, உருவம் தெரியவில்லை. பிறகு இடது கண்ணிலும் புரை முற்றத் தொடங்கியது. "இருக்கிற ஒண்ணையும் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வரச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டு, அந்தப் பேச்சையே யாரும் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். தறியைப் பிரித்து விற்றார்கள். கால் வைக்கிற குழியை மூடி சிமெண்டு பூசினார்கள். கூடத்தின் பழைய சிவப்புத் தரையில் அந்த இடம் மட்டும் சாம்பல் நிறத்தில் சதுரமாகத் தெரியும். பெரியப்பா தம் நாற்காலியைச் சரியாக அந்தச் சதுரத்தின் மேல் போட்டுக்கொண்டு காலையிலிருந்து இரவு வரையில் உட்கார்ந்திருப்பார்.

பேச்சும் கிடையாது. காப்பி வேண்டுமா என்றால் "ம்." சாப்பிடலாமா என்றால் "ம்." போன மூன்றாம் நாளே எனக்கு அழுகை வந்துவிட்டது.

வீட்டின் பின்னால் நீளவாக்கில் ஒரு கொல்லை. ஒரு கிணறு, இரண்டு தென்னை, முருங்கை, கொய்யா, அடர்ந்த செம்பருத்திப் புதர், கடைசியில் ஒரு வேப்பமரம். செல்போனுக்கு அங்கேதான் சரியாக சிக்னல் கிடைத்தது. ஆகவே கொல்லைத் தாழ்வாரத்தில் மேஜை போட்டுக் கொண்டு வேலை பார்த்தேன். நாலாம் நாள் காலை, எங்கள் ஆசிரியரோடு நான் பேசிக்கொண்டிருந்த சமயம் பார்த்து, கொய்யா மரத்தடியில் ஒரு பட்டாளம் வந்து இறங்கிக் கத்தியது பாருங்கள், காது கிழிந்துவிட்டது! பேச்சை முடித்துக்கொண்டு உள்ளே வந்து, "என்ன பறவை பெரியப்பா இது, இப்படி உயிரை வாங்குகிறது?" என்றேன்.

"தவிட்டுக் குருவி. தனியா வராது. ஆறேழு இருக்கும், எண்ணிப் பாரு" என்றார்.

நான் போய்ச் சேர்ந்ததிலிருந்து அவர் சேர்ந்தாற்போல் பேசிய முதல் பேச்சு அது. ஓடிப் போய் எண்ணினேன். ஏழு. தவிட்டு நிறம், வெளுத்த தலை, மஞ்சள் அலகு, எரிச்சல் பிடித்த மாதிரி ஒரு பார்வை. ஆறு தரையில் சருகைப் புரட்டிக்கொண்டிருக்க, ஒன்று மட்டும் கிளையில் உட்கார்ந்து காவல் பார்த்தது. வடக்கே இந்தக் கூட்டத்துப் பறவைகளை 'ஏழு சகோதரர்கள்' என்கிறார்களாம். வெள்ளைக்காரர்கள் 'ஏழு சகோதரிகள்' என்றார்கள். போடுகிற சத்தத்தைக் கேட்டு யார் ஏன் எந்த முடிவுக்கு வந்தார்கள் என்கிற ஆராய்ச்சிக்குள் நான் இறங்கப் போவதில்லை.

அன்று தொடங்கியது எங்கள் விளையாட்டு. கண் என்னுடையது, காது அவருடையது. கொல்லையில் ஒன்றைப் பார்த்துவிட்டால் நான் அங்கிருந்தபடியே கத்துவேன். அவர் கூடத்திலிருந்து குறுக்கு விசாரணை செய்வார். சிட்டுக்குருவி அளவா, மைனா அளவா, காக்கை அளவா? அலகு நீளமா, கட்டையா? வால் தூக்கியிருக்கா? தரையில நடக்குதா, தத்துதா?

பிற்பாடு சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் புத்தகத்தை வாங்கியபோது, அதிலும் இதே கேள்விகள் இருப்பதைக் கண்டு அசந்து போனேன். 1941-ல் முதலில் வந்த புத்தகம் அது. சாலிம் அலி ஒரு பறவையின் அளவைச் சொல்வதே சிட்டுக்குருவி, கொண்டைக்குருவி, மைனா, காக்கை என்று நமக்குத் தெரிந்தவற்றோடு ஒப்பிட்டுத்தான். அந்த மகானுக்கும் ஆரம்பம் ஒரு குருவிதான். பம்பாயில் சின்னப் பையனாக இருக்கும்போது விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டுவிட்டார். எடுத்துப் பார்த்தால் கழுத்தில் மஞ்சள் கறை. இது என்ன குருவி என்று யாருக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எடுத்துக்கொண்டு போனார். அங்கே செயலாளராக இருந்த மில்லார்டு என்ற ஆங்கிலேயர் பையனை விரட்டாமல், அதன் பெயரைச் சொல்லி, அலமாரி அலமாரியாகத் திறந்து பாடம் பண்ணிய பறவைகளைக் காட்டினார். இது என்ன என்று கேட்ட அந்தக் கேள்வியை 1987-ல் காலமாகும் வரை சாலிம் அலி விடவில்லை.

என் கேள்விகள் அவ்வளவு கௌரவமாக இல்லை. ஒரு நாள் கொய்யா மரத்தில் பழுப்பு உடம்பு, அதில் வெள்ளைப் புள்ளியும் வரியும், ரத்தச் சிவப்பாகக் கண். "பெரியப்பா! வல்லூறு வந்திருக்கிறது!" என்று கூவினேன்.

"வல்லூறு வந்தா அணில் கத்தி ஊரைக் கூட்டியிருக்காதா? என்ன பண்ணுது அது?"

"பழம் தின்கிறது."

"எந்த ஊர் வல்லூறு பழம் தின்னுது?"

அது பெண் குயில். குயில் என்றால் கறுப்பு என்று அதுவரை நினைத்திருந்தேன். கறுப்பு ஆணுக்குத்தான். கூ, கூ என்று உருகுவதும் ஆண்தான். நம் கவிகள் காலம் காலமாகப் பெண்ணுக்குக் கொடுத்த புகழெல்லாம் முகவரி மாறிப் போய்விட்டது. பெண் குயிலுக்குக் 'கிக் கிக்' என்று ஒரு சத்தம்தான் வரும். காக்கைக் கூட்டில் முட்டையை வைத்துவிட்டு, குழந்தை வளர்க்கும் தொல்லையே இல்லாமல் இருக்கிறவளுக்குப் பாட்டு வேறு எதற்கு?

கிணற்று ராட்டினக் கட்டைக்கு ஒரு மீன்கொத்தி வரும். பழுப்புத் தலை, வெள்ளைக் கழுத்து, நீல முதுகு. மீனே இல்லாத இடத்தில் மீன்கொத்திக்கு என்ன வேலை என்று பார்த்தால், அதற்கு வெட்டுக்கிளி, ஓணான், பல்லி எல்லாம் சம்மதம். வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டால் தோஷம் போகும் என்று ஜனங்கள் வரிசையில் நிற்கிற ஊர் இது. அந்த ஊரிலேயே எங்கள் மீன்கொத்தி ஒரு பல்லியைக் கட்டையில் அடித்துக் கொன்று விழுங்கியதைக் கண்ணால் பார்த்தேன். அதன் பாவ புண்ணியக் கணக்கை யார் எழுதுகிறார்களோ!

செம்பருத்தியில் தேன்சிட்டு வந்தபோது நான் என் பையனுக்கு டெலிபோன் செய்து, ஹம்மிங்பேர்ட் வந்திருக்கிறது என்று பெருமையடித்தேன். மறுநாளே அவன் திரும்பக் கூப்பிட்டு, "அம்மா, ஹம்மிங்பேர்ட் அமெரிக்கக் கண்டங்களில் மட்டும்தான் இருக்கிறதாம். மானத்தை வாங்காதே" என்றான். எட்டு வயது.

சிநேகிதிகள், "இவ்வளவு ஆசை இருந்தால் வேடந்தாங்கலுக்குப் போகலாமே, பக்கம்தானே?" என்றார்கள். நியாயமான கேள்வி. மழை பெய்து ஏரி நிரம்பினால் கூழைக்கடாவும் நாரையும் அரிவாள்மூக்கனும் ஆயிரக்கணக்கில் வந்து கூடு கட்டுகிற இடம். அந்தப் பறவைகளின் எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு நல்ல உரம் என்று கண்டு, ஊர் ஜனங்களே தலைமுறை தலைமுறையாக அவற்றைச் சுட விடாமல் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். ஆனால் பெரியப்பா வீட்டு வாசற்படி தாண்ட மாட்டார். எனக்கும் ஆயிரம் பறவைகளைத் தூரத்தில் பார்ப்பதைவிட, தினம் அதே நேரத்துக்கு அதே கிளைக்கு வருகிற ஒன்றைப் பார்ப்பது பிடித்துப் போய்விட்டது.

அந்த ஒன்று, எங்கள் தையல்சிட்டு. கட்டைவிரல் பருமன்தான் உடம்பு; குரலோ கொல்லை முழுவதும் கேட்கும். செம்பழுப்பு உச்சி, பச்சை முதுகு, விறைத்துத் தூக்கிய வால். கொய்யாவின் தாழ்ந்த கிளையில் அது அடிக்கடி போய் வருவதைப் பார்த்துவிட்டு நெருங்கிப் போனால், இரண்டு இலைகளைச் சேர்த்துத் தைத்து ஒரு பை! இலையோரத்தில் அலகால் துளை போடுகிறது. பஞ்சையோ சிலந்தி நூலையோ துளை வழியே இழுக்கிறது. நூல் முனை பிசிறிக்கொண்டு நழுவாமல் நின்றுவிடுகிறது. இந்தத் துளைகளைப் பெரியப்பா ஒவ்வொன்றாக எண்ணச் சொன்னார். ஒரு பக்கம் பதினொன்று.

"இடைவெளி ஒரே சீரா இருக்கா?"

"இல்லை பெரியப்பா. முன்னே பின்னே இருக்கிறது."

"அப்ப புதுசு. இப்பத்தான் தொழில் கத்துக்குது" என்றார். பெரியப்பா சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

முட்டை பொரிக்கப் பன்னிரண்டு நாள் போல ஆயிற்று. குஞ்சுகள் பறக்க இன்னும் இரண்டு வாரம். ஆணும் பெண்ணும் புழு கொண்டுவந்து கொடுத்த சுறுசுறுப்பை நான் நிமிஷத்துக்கு நிமிஷம் அஞ்சல் செய்துகொண்டிருந்தேன். எங்கள் காரியாலயத்துக்கு அனுப்ப வேண்டியவை தாமதமாகத்தான் போயின. குஞ்சுகள் போய், இலையும் காய்ந்து விழுந்த பிறகு, கூட்டை எடுத்துப் பெரியப்பா கையில் கொடுத்தேன்.

அவர் விரல்கள் அதற்குள் போயின. வெகு நேரம் தடவிக்கொண்டிருந்தார். பஞ்சு, தேங்காய் நார், தலைமயிர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். அடியிலிருந்து ஓர் இழையை உருவி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டினார்.

"இது பட்டு."

அடுத்த வீட்டில் இன்னும் தறி ஓடுகிறது. கூட்டித் தள்ளிய நூலிலிருந்து குருவி பொறுக்கியிருக்க வேண்டும். "முறுக்கு இருக்கு பாரு. ஊடை நூலுக்கு இத்தனை முறுக்கு கிடையாது. இது பாவு. என்ன கலர்?"

"சிவப்பு."

"எந்தச் சிவப்பு?" என்று அதட்டினார். "சிவப்புன்னு ஒரு சிவப்பா இருக்கு?"

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். "அரக்கு" என்றேன். தலையை ஆட்டினார். இழையைச் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஐப்பசி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். இரவெல்லாம் மழை. விடியற்காலை ஆறு மணிக்குக் கொல்லைக் கதவைத் திறந்தேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஏதோ பொம்மை கிடந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தை எறிந்தது என்று குனியப் போனேன். பொம்மை இரண்டு தத்துத் தத்திச் செம்பருத்திக்கு அடியில் போய் நின்றது.

மைனா அளவு. வால் இருக்கிறதோ இல்லையோ என்று சொல்லும்படி மொட்டை. நீளக் கால். நனைந்து, களைத்து, ஆனாலும் அம்மம்மா, என்ன நிறங்கள்! நான் உள்ளே ஓடி, ஒரே மூச்சில் ஒப்பித்தேன்: "முதுகு கிளிப்பச்சை... இல்லை, பாசிப்பச்சை பெரியப்பா. தலை சந்தனம், நடுவில் கறுப்புக் கோடு. கண்ணில் பட்டையாகக் கறுப்பு மை. கழுத்து வெள்ளை. வயிறு வெளிறிய சந்தனம். வாலடியில் அரக்கு. இறக்கையில் ஒரு நீலம், எம்.எஸ். ப்ளூ மாதிரி..."

எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயராலேயே காஞ்சிபுரத்தில் ஒரு நீலம் உண்டு என்பது நேயர்களுக்குத் தெரிந்திருக்கும்.

பெரியப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார். அந்தச் சாம்பல் சதுரத்தை விட்டு, சுவரைத் தடவிக்கொண்டு, கொல்லைப்படி வரைக்கும் வந்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டு, நான் காட்டிய திசையில் இடது கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார்.

"ஏதோ அசையுது" என்றார். அவ்வளவுதான்.

அப்போது அது கூப்பிட்டது. இரண்டே சுரம், தெளிவாக, யாரோ சீட்டியடித்த மாதிரி. பெரியப்பாவின் கை என் தோளை இறுக்கியது.

"ஆறு மணிக் குருவி! சின்ன வயசிலேர்ந்து கேட்டிருக்கேன். இதே ஐப்பசியிலதான் வரும். கேட்டதுதான், ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை."

"ஏன் பெரியப்பா?"

"அது வர்ற நேரத்துக்கு நான் தறியில இருப்பேனே!"

புத்தகத்தில் தேடிப் படித்தேன். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே, இலங்கை வரை வருகிற பறவை. இரவிலே பறந்து வரும். வழியில் களைத்துப்போய் ஊருக்குள் எந்தத் தோட்டத்திலும் இறங்கிவிடும். விடியலிலும் அந்தியிலும் கூப்பிடுவதால் நம் ஜனங்கள் வைத்த பெயர் ஆறு மணிக் குருவி. நவரங்கம் என்பது வடக்கத்தியார் வைத்த பெயர்.

ஐந்து நாள் இருந்தது. ஐந்து நாளும் ஆறு மணிக்குப் பெரியப்பா கொல்லைப்படியில் நின்றார். சருகு புரளும் சத்தத்தை வைத்தே அது எந்த இடத்தில் இருக்கிறது என்று சொன்னார். ஆறாம் நாள் சருகு புரளவில்லை. ஏழரை மணி வரையில் நின்றுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். நான் காப்பியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தேன். வாங்கிக் குடிக்காமல் கேட்டார்:

"கண்ணு, அந்த ஆபரேஷனுக்கு எத்தனை நாள் கட்டுப் போட்டுக்கிட்டு இருக்கணும்?"

எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகமாக வந்தது. பெரியம்மாவும் பிள்ளைகளும் வருஷக்கணக்காகச் சொல்லிக் கேட்காதவர், என் பேச்சை நம்பி இருக்கிற ஒரு கண்ணையும் கொடுக்கத் துணிகிறார். நாளைக்கு ஏதாவது ஆனால்? ஒரு குருவியைக் காட்டி அவரை இருட்டில் தள்ளினேன் என்றல்லவா ஆகும்? அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. மறுநாள் டாக்டர்களிடம் விசாரித்து, இப்படியும் ஆகலாம், அப்படியும் ஆகலாம் என்று அவரிடம் ஒளிக்காமல் சொன்னேன். "சரி, பொங்கல் கழியட்டும்" என்றார்.

பொங்கலுக்கு ஒரு காரணம் இருந்தது. 2015-லிருந்து தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. எங்கேயும் போக வேண்டாம்; வீட்டுத் தோட்டத்திலோ மாடியிலோ குறைந்தது கால் மணி நேரம் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் எண்ணி எழுதி இன்டர்நெட்டில் சேர்த்தால் போதும். யார் வேண்டுமானாலும் சேரலாம். ஊருக்கு வந்திருந்த பெரியம்மா பொங்கல் பானைக்கு மஞ்சள் கட்டிக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் கொல்லையில் நின்றோம். பதினான்கு வகை. ஐந்து நான் பார்த்தவை. ஒன்பது அவர் கேட்டவை. "குருவி எண்ணறதுக்கு ரெண்டு பேர்! பால் பொங்கறதைப் பார்க்க ஆள் இல்லை" என்று பெரியம்மா இரைந்தாள்.

மாசியில் ஆபரேஷன் நடந்தது. கட்டை அவிழ்த்த அன்று நான் சென்னையில், அச்சுக்குப் போகிற பக்கங்களுக்கு நடுவே, செல்போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெரியம்மாதான் கூப்பிட்டாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "வந்ததும் வராததுமா, கூடத்துச் சுவருக்கு இந்தக் கண்றாவி ரோஸ் கலரை யார் அடிச்சதுன்னு சண்டை பிடிக்கறார்டீ!"

இந்த ஐப்பசியில், போன வாரம், காலை ஆறே காலுக்கு என் செல்போன் அடித்தது. இருட்டு இன்னும் முழுதாய்ப் போகவில்லை. கணவர் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். எடுத்தேன்.

ரகசியம் பேசுகிற குரலில் பெரியப்பா சொன்னார்: "வந்திருக்கு. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துலதான் நிக்குது. நீ சொன்ன நீலம் தப்பு, கண்ணு. எம்.எஸ். ப்ளூ இல்லை. ஆனந்தா ப்ளூ."

"சிவப்பு?" என்று கேட்டேன்.

"இரு, திரும்பட்டும்" என்றார்.